ஆறுக்கு சைபர் வந்தால் தம்பி கிட்னி கொடுக்கக் கூடாதா?

கேள்வி: அக்காவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தப் பிரிவு, கிட்னி கொடுக்க நான் தயார். ஆனால் எச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்த ரிப்போர்ட்டில், ஆறு அடையாளங்களில் ஒன்றுகூடப் பொருந்தாமல் ஆறுக்கு சைபர் என்று வந்துவிட்டது. அத்தானுக்கு ஆறுக்கு இரண்டு. நாங்கள் கூடப்பிறந்தவர்களே இல்லையா? அத்தான் கொடுப்பதுதான் நல்லதா? அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், பிரசவத்தின்போது ரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள்.

பதில்: முதலில் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஒரே கொத்தாகப் பிள்ளைக்குப் போகும். அப்பாவிடம் இரண்டு கொத்து, அம்மாவிடம் இரண்டு. அக்கா ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டாள், உங்களுக்கு மிச்சமிருந்த இரண்டும் வந்திருக்கிறது. கூடப்பிறந்தவர்களிடையே நாலில் ஒரு பங்கு இப்படித்தான் அமையும். ரத்தப் பிரிவு மரபணு இருப்பதோ ஒன்பதாவது குரோமோசோமில், அதனால் அது பொருந்தி இது பொருந்தாமல் போவது சகஜம்.

சரி, சைபர் என்றால் கொடுக்கவே முடியாதா? இதற்குப் பதில் சொல்ல பால் தெராசாகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர் காலத்தில், ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகக் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட அமெரிக்கச் சிறுவன் அவர். பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1964-இல் திசுவகைப் பரிசோதனையை உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டுக்குள் அடக்கிவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் லேபிலும் அந்தத் தட்டுதான். ஒவ்வொரு குழியிலும் எண்ணெய்க்கு அடியில் ஒரே ஒரு மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்; அந்நியத் திசுவை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதம் இதில்தான் இருக்கும்), அதில் கொஞ்சம் வெள்ளணுக்கள், அப்புறம் ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களைக் கொல்ல முயல் சீரம், கடைசியில் சாயம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உயிரோடு இருக்கும் அணுக்கள் சின்னதாகப் பளிச்சென்று தெரியும், செத்தவை சாயம் குடித்து உப்பிக் கறுத்துக் கிடக்கும்.

திசுப் பொருத்தத்தைக் கணக்கிட வழி செய்த அதே மனிதரின் குழு 1995-இல் இன்னொன்றையும் காட்டியது. கணவன் அல்லது மனைவி கொடுத்த கிட்னிகளில் 85 சதவீதம் மூன்று வருடம் கழித்தும் வேலை செய்தன, அம்மா அப்பா கொடுத்தவற்றில் 82 சதவீதம். தம்பதிகளுக்குள் பொருத்தம் பெரும்பாலும் மோசமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஆரோக்கியமான ஆளிடமிருந்து நேராக எடுத்துப் பொருத்திய கிட்னி தாக்குப்பிடித்தது. முழுப் பொருத்தமுள்ள கூடப்பிறந்தவர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. எலும்பு மஜ்ஜைக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே பொருத்தம் ரொம்ப முக்கியம்.

நீங்கள் கேட்காமல் விட்ட விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அக்கா உடம்பில் யாருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது? வயிற்றில் வளரும் பிள்ளையின் பாதித் திசுவகை அப்பாவுடையது, அதைத் தாயின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். இந்தத் துறை தொடங்கியதே அங்கேதான்: 1958-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே பலமுறை ரத்தம் ஏற்றியவர்களின் சீரத்திலும், நெதர்லாந்தின் வான் ரூட், அமெரிக்காவின் ரோஸ் பெய்ன் இருவரும் பிள்ளை பெற்ற பெண்களின் சீரத்திலும் இந்த ஆன்டிபாடிகளைப் பார்த்தார்கள். உங்கள் அக்கா இரண்டு வழியிலும் வருகிறார். அதனால் ஆறுக்கு இரண்டு பொருந்தும் அத்தானை அவர் உடம்பு எதிர்க்கவும், சைபரான உங்களைச் சும்மா விடவும் வாய்ப்பிருக்கிறது. பிள்ளைகள் கொடுக்க முன்வந்தாலும் இதே சிக்கல் வரலாம்.

இதைக் கண்டுபிடிப்பது கிராஸ்மேட்ச்: கொடுப்பவரின் வெள்ளணுக்களை வாங்குபவரின் சீரத்தோடு கலந்து பார்ப்பது, ஆன்டிபாடி அவற்றைத் தாக்கினால் பாசிட்டிவ். 1969-இல் பட்டேலும் தெராசாகியும் வெளியிட்ட கணக்கில், கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்த 30 பேரில் 24 பேருக்குக் கிட்னி உடனே செயலிழந்தது, நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான்.

ஆகவே உங்களுக்கும் அத்தானுக்கும் தனித்தனியாகக் கிராஸ்மேட்ச் செய்யச் சொல்லுங்கள், கூடவே "கொடுப்பவருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா" என்று டாக்டரிடம் இதே வார்த்தையில் கேளுங்கள். அக்காவுக்கு எத்தனை பிரசவம், கருச்சிதைவு உண்டா, எப்போதெல்லாம் ரத்தம் ஏற்றினார்கள் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு பேருக்குமே பாசிட்டிவ் வந்தால், இதே நிலையில் இருக்கும் வேறொரு குடும்பத்தோடு கிட்னியை மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆபரேஷனுக்கு முன் புது ரத்தத்தில் கிராஸ்மேட்ச் மறுபடி பார்ப்பார்கள், இடையில் அக்காவுக்கு ரத்தம் ஏற்றினால் அன்றே லேபுக்குச் சொல்லிவிடுங்கள்.