ஆடியில் வீங்கும் பேட்டரிகள்: ட்ரோன் பேட்டரி பராமரிப்பு, கேள்வி பதில்

கேள்வி (வடபழனி, திருமணப் படப்பிடிப்பாளர்): ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் நான்கு ட்ரோன் பேட்டரிகளையும் முழுதாகச் சார்ஜ் செய்து பரணில் வைத்திருந்தேன். ஆவணியில் எடுத்துப் பார்த்தால் இரண்டு வீங்கியிருக்கின்றன. ஒரு நாள்கூடப் பறக்காத பேட்டரி எப்படிக் கெடும், ஐயா?

பதில்: பறந்து தேய்ந்த பேட்டரிகளைவிட, நிரம்பிய நிலையில் சும்மா கிடந்து கெட்ட பேட்டரிகளே என்னிடம் அதிகம் வருகின்றன. ட்ரோனில் உள்ள லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, செல் எனப்படும் சிறு அலகுகளால் ஆனது; செல் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்டில் நிற்கும். அந்த உயர்ந்த மின்னழுத்தத்தில் நாள்கணக்கில் இருக்கும்போது உள்ளேயுள்ள மின்பகுளி சிறிது சிறிதாகச் சிதைந்து வாயுவை உண்டாக்குகிறது. வாயு வெளியேற வழியில்லாததால் மென்மையான உறை உப்புகிறது. வெப்பம் இந்தச் சிதைவை முடுக்கிவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் சென்னையில் எப்படிக் காயும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மூன்று நாட்களுக்குள் பறக்கப் போவதில்லை என்றால், செல் ஒன்றுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட் வரை, அதாவது ஏறத்தாழ பாதிச் சார்ஜில் பேட்டரியை வைக்க வேண்டும். மூன்று செல் பேட்டரிக்கு இது 11.4 முதல் 11.55 வோல்ட் ஆகும். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே ‘ஸ்டோரேஜ்’ என்ற தேர்வு உண்டு. மின்னணுச் சுற்றுள்ள ‘ஸ்மார்ட்’ பேட்டரிகளில் பல, சில நாட்கள் சும்மா இருந்தால் தாமாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். அப்போது அவை லேசாகச் சூடாவது இயல்பே. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு முழுச் சார்ஜ் செய்தால் போதும். மழையாலோ வேறு காரணத்தாலோ படப்பிடிப்பு தள்ளிப்போனால், அன்றே சார்ஜை மீண்டும் பாதிக்கு இறக்கிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): அப்படியானால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: குளிர்ச்சி நல்லதுதான்; ஆனால் வெளியே எடுத்தவுடன் நம் ஊர் ஈரக்காற்று பேட்டரியின் மேல் நீர்த்துளிகளாகப் படிந்து, இணைப்பு முனைகளுக்குள்ளும் சுற்றுப்பலகைக்குள்ளும் இறங்கும். வெயில் படாத அறையில் அலமாரியின் கீழ்த்தட்டே போதுமானது.

கேள்வி (திருவான்மியூர்): கிழக்குக் கடற்கரைச் சாலையில் கத்திரி வெயிலில் படம் எடுக்கிறோம். இறங்கிய பேட்டரியைக் காரிலேயே உடனே சார்ஜ் போடுகிறோம். தவறா?

பதில்: தவறுதான். பல தயாரிப்பாளர்கள் சார்ஜ் செய்வதற்கு 40 பாகை செல்சியஸை மேல் எல்லையாகக் குறிப்பிடுகிறார்கள். பறந்து இறங்கிய பேட்டரி மே மாதத்தில் அதற்கு மேல்தான் இருக்கும். நிழலில் காற்றோட்டமாக வைத்து, தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகே சார்ஜரில் மாட்ட வேண்டும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் சார்ஜ் செய்வது மட்டுமல்ல, பேட்டரியை விட்டுச் செல்வதும் கூடாது. அவசரமாகச் சார்ஜ் செய்து நான்கு பேட்டரிகளின் ஆயுளைக் குறைப்பதைவிட, ஐந்தாவதாக ஒன்று வாங்குவது சிக்கனம்.

கேள்வி (கிண்டி, பொறியியல் மாணவர்): நானே கட்டிய ட்ரோனில் நான்கு செல், 5000 மில்லி ஆம்பியர் மணி லிப்போ இருக்கிறது. சார்ஜர் 10 ஆம்பியர் வரை தரும். எவ்வளவு வைக்கலாம்? ஒவ்வொரு முறையும் பேலன்ஸ் சார்ஜ் தேவையா?

பதில்: கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டம், அதாவது 5 ஆம்பியர் வையுங்கள், இதையே 1சி என்பார்கள். உறையில் அதற்கு மேல் அனுமதி அச்சிடப்பட்டிருந்தாலும், நேரம் இருக்கும்போது 1சியைத் தாண்டத் தேவையில்லை. பேலன்ஸ் சார்ஜை, அதாவது எல்லாச் செல்களையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவரும் சார்ஜை, ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். மொத்தம் 16.8 வோல்ட் என்று திரை காட்டும்போதே ஒரு செல் 4.3 வோல்டிலும் இன்னொன்று 4.1 வோல்டிலும் நிற்கக்கூடும், 4.3 வோல்டில் நிற்கும் செல்தான் முதலில் வீங்கும். பறக்கும்போதும் பேட்டரியைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்ச வேண்டாம். 20 சதவீதம் மீதமிருக்கையில் இறக்குங்கள். செல் 3 வோல்டுக்குக் கீழே போனால் நிரந்தரச் சேதம் உண்டு.

கேள்வி (அம்பத்தூர்): வீங்கிய பேட்டரியில் ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாம் என்று கடையில் சொன்னார்கள்.

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த வாயு எரியக்கூடியது. ஊசி உள் அடுக்குகளைத் துளைத்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். வீங்கியதை மீண்டும் சார்ஜ் செய்யாமல், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால், லாரியில் நசுங்கும்போது தீப்பற்றக்கூடும்.

கேள்வி (தாம்பரம்): மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தில் மதுரைக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: கைப்பையில் மட்டும் எடுத்துச் செல்லலாம். பேட்டரியின் ஆற்றல் 100 வாட் மணி வரை என்றால் சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மேலே மாணவர் கேட்ட பேட்டரி, அதன் பெயரளவு மின்னழுத்தமான (முழுச் சார்ஜில் உள்ளதல்ல) 14.8 வோல்டை 5 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 74 வாட் மணிதான். வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனின் ஆறு செல், 16,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியோ 355 வாட் மணி. அதைப் பயணியாக விமானத்தில் கொண்டுபோக முடியாது.