லோடுமேன் மட்டும் கிடைப்பாங்களா? மஞ்சக்குப்பம் டு லாஸ்பேட்டை

கேள்வி: "அண்ணே, கடலூர் மஞ்சக்குப்பத்துல ரெண்டாவது மாடியில இருக்கோம். ஆவணியில பாண்டி லாஸ்பேட்டைக்கு மாறுறோம், அங்க முதல் மாடி. ரெண்டு இடத்துலயும் லிஃப்ட் இல்ல. சாமான் கட்டுறதெல்லாம் நாங்களே பார்த்துக்குவோம், ஏத்தி இறக்க மட்டும் ஆள் வேணும். எங்க தேடுறது, எத்தனை பேர் வேணும்? மாமியாரோட பழைய இரும்பு பீரோ ஒண்ணு இருக்கு, அதை நினைச்சாதான் பயம்."

பீரோவுல இருந்தே வரேன் தங்கச்சி, ஏன்னா எத்தனை ஆளுங்கிறதை முடிவு பண்றதே அதுதான். மத்த சாமானை ரெண்டு பேர் ஏறி இறங்கி எப்படியாவது முடிச்சிடுவாங்க, ஆனா அந்தக் காலத்து கனத்த தகடு பீரோவை மாடிப்படியில இறக்கணும்னா கீழ ரெண்டு பேரு மேல ரெண்டு பேருன்னு நாலு பேர் இல்லாம தொடவிடாதீங்க. கீழ நிக்கிறவங்க மேலதான் மொத்த வெயிட்டும் சாயும், மேல இருக்கிறவங்க கயித்தைப் பிடிச்சு விட்டுக்குடுத்துக்கிட்டே வரணும். நான் முதல் தடவை வீடு மாத்தினப்ப ஆள் கூலி மிச்சம்னு ரெண்டே பேரை வச்சுக்கிட்டேன், உள்ள புடவையையும் எடுக்கல, கதவையும் கட்டல, படி திரும்புற இடத்துல கதவு தானா திறந்து ஒருத்தர் நெத்தியில அடிச்சுது, மூணு தையல். ஆஸ்பத்திரி செலவுக்கு இன்னும் நாலு ஆள் வச்சிருக்கலாம்.

ஆள் எங்கன்னா, எல்லாரும் முதல்ல போறது குட்டி யானை (டாடா ஏஸ் மாதிரி சின்ன சரக்கு வண்டி) ஸ்டாண்டுக்குத்தான். டிரைவரும் "ஆள் நான் கூட்டியாறேன்"னு சொல்லுவாரு, காலையில பார்த்தா மச்சான் பையனோட வந்து நிப்பாரு. முதுநகர் பக்கம் மண்டியில மூட்டை தூக்குறவங்க கிடைப்பாங்க, நல்ல உழைப்பாளிங்க, காலை லோடு முடிஞ்சதும் வருவாங்க, ஆனா அரிசி மூட்டையை தொப்புனு போடலாம், கண்ணாடி ஷோகேஸை போட முடியுமா? என்னைக் கேட்டா ஃபர்னிச்சர் கடையில டெலிவரிக்குப் போற ஆளுங்கதான் பெஸ்ட். நீங்க கட்டில் வாங்கின கடையிலயே கேளுங்க, கடை வேலை இல்லாத நேரத்துல வர்றதுக்கு ஆள் இருக்கும். கட்டிலைக் கழட்டி மாட்டுற ஸ்பேனரும் அவங்ககிட்டயே இருக்கும்.

யாரா இருந்தாலும் முந்தின நாள் ஒருத்தரை வீட்டுக்கு வரச்சொல்லி, பஸ் காசும் டீ காசும் குடுத்து, காட்டிடுங்க. வேலை தெரிஞ்ச ஆளுன்னா வந்ததும் சாமானைப் பார்க்க மாட்டாரு, படி திரும்புற இடத்துல போய் நின்னு சாண் போட்டு அளப்பாரு, அப்புறம் வந்து பீரோவை அளப்பாரு. அப்படி அளந்தா அவரையே பிடிச்சுக்குங்க. லாஸ்பேட்டை படியையும் போன்ல வீடியோ எடுத்துக் காட்டிடுங்க, இல்லன்னா அங்க போனப்புறம் "இவ்ளோ குறுகலா இருக்கும்னு சொல்லலியேம்மா"ன்னு ரேட் ஏறும்.

ரேட் பேசும்போது ஆளுக்கு இவ்வளவுன்னு பேசாம ஏத்தி இறக்கி, உள்ள ரூம் வரைக்கும் வைக்கிறதுன்னு மொத்தமா பேசுங்க. எந்த மாடி, கட்டில் கழட்டி மாட்டுறது யாரு, டீ சாப்பாடு யார் கணக்கு, எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல போட்டு வச்சிடுங்க. ஏத்த ஒரு செட், இறக்க வேற செட்டுன்னு மட்டும் வைக்காதீங்க, கீறல் விழுந்தா இவங்க அவங்களைச் சொல்லுவாங்க அவங்க இவங்களைச் சொல்லுவாங்க, நீங்க நடுவுல நிக்கணும். பெரிய பங்கு காசு இறக்கி முடிச்சப்புறம்தான்.

ஒரே செட்டுன்னா அவங்க பாண்டிக்கு எப்படி வருவாங்கன்னு கேப்பீங்க. கேபின்ல இடம் இருக்கிற அளவுக்குத்தான், பின்னாடி சாமான் மேல உட்கார வைக்கவே கூடாது, அது சட்டப்படியும் தப்பு, பிரேக் அடிச்சா பீரோ அவங்க மேலதான் வரும். மத்தவங்க பைக்ல வரட்டும், இல்ல பஸ் காசு குடுங்க, 25 கிலோமீட்டர் சொச்சம்தானே.

வண்டியில ஒரு விஷயம். மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்ல, அதனால குட்டி யானை தாராளமா முள்ளோடை பார்டரைத் தாண்டி பாண்டிக்குள்ள போகலாம். ஆனா ரெண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான்னா அதுல ஒரே நடையில அடங்காது. டாடா 407 மாதிரி பெரிய வண்டி எடுத்தா பாண்டிக்கும் பர்மிட் இருக்கான்னு முதல்லயே கேட்டுடுங்க. காலையில ஆபீஸ் நேரத்துல அரியாங்குப்பம், மரப்பாலம்னு மாட்டுவீங்க, அஞ்சு அஞ்சரைக்கே ஏத்த ஆரம்பிச்சிடுங்க.

ஆடியில யாரும் மாற மாட்டாங்க, அதனால ஆவணி பொறந்ததும் முகூர்த்த நாள்ல வண்டியும் கிடைக்காது ஆளும் கிடைக்காது. நல்ல நாள்ல ஒரு பாத்திரம், அடுப்போட போய் பால் காய்ச்சிட்டு வந்துடுங்க, சாமானை ரெண்டு நாள் கழிச்சு ஒரு வார நாள்ல ஏத்துங்க.

ஃபிரிட்ஜை முந்தின ராத்திரியே ஆஃப் பண்ணிடுங்க, நிமிர்த்தியே கொண்டு போகச் சொல்லுங்க. கிரைண்டர்ல கல்லைத் தனியா எடுத்திடுங்க. ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினா இருந்தா வாங்கினப்ப பின்னாடி கழட்டின, டிரம் ஆடாம பிடிச்சிருக்கிற போல்ட்டைத் தேடி மாட்டிடுங்க. பீரோவைக் காலி பண்ணி, பூட்டி, சுத்தி கயிறு கட்டினப்புறம் சாவியை உங்க ஹேண்ட்பேக்ல போட்டுக்குங்க, போன தடவை எங்க வீட்டுச் சாவி பாத்திர மூட்டைக்குள்ள போய், நாலு நாள் கழிச்சு குக்கர்ல இருந்து கிடைச்சுது.