பாக்கி நோட்டும் ஒரு போனும்: கொடைக்கானல் ஊரடங்குக் கேள்வி பதில்

2021 ஜூன் முதல் வாரம். மூஞ்சிக்கல்லில் நானும் வீட்டுக்காரரும் மளிகைக் கடை வைத்திருக்கிறோம்; கணக்கு நோட்டு என் கையில். போன வருஷக் கொரோனா ஊரடங்கில் மளிகைக்குத் தடையில்லை. இந்த மே 24-லிருந்து எங்களையும் மூடச் சொன்னார்கள். 31-லிருந்து போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அனுமதி வந்தது. அன்றைக்கு ஆரம்பித்து தினமும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் சென்னையில் இருக்கிறேன். அம்மா செண்பகனூரில் தனியாக. மாதச் சாமான் முழுவதையும் நானே இங்கிருந்து ஆர்டர் போட்டுப் பணம் கட்டிவிடட்டுமா?

பணம் நீங்கள் கட்டுங்கள் தம்பி. ஆர்டரை அம்மா சொல்லட்டும். எங்கள் நோட்டில் எழுபது தாண்டிய அம்மாமார்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள். அரைக் கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் மல்லி என்று சொல்வதற்குள் முட்டிவலி, குரங்கு வந்து ஓட்டைப் பிரித்தது, பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எல்லாம் வந்துவிடும். சிலருக்கு அன்றைக்குப் பேச்சு என்று கிடைப்பதே அந்தப் பத்து நிமிஷம்தான். பிள்ளைகள் மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டால் அதுவும் நின்றுபோகும். மாதச் சாமானை வாரச் சாமானாகப் பிரித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை அம்மா கூப்பிடுவார். கூப்பிடாத வாரம் நாங்கள் கூப்பிடுவோம், இல்லையென்றால் சாமான் கொண்டுவரும் கடைப் பையன் போய்க் கதவைத் தட்டுவான். உங்கள் நம்பரைக் கடையில் கொடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு மே மாதமும் மதுரையிலிருந்து வருவோம். ஏரிக்கரையில் என் பிள்ளைகளை ஏற்றும் குதிரைக்காரருக்கு ஏதாவது செய்யணும். தானமாகக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்.

வாங்க மாட்டார்தான். சீசன் என்பது ஏப்ரலும் மேயும். அந்த இரண்டு மாத வருமானத்தை வைத்துத்தான் மழைக்காலத்தைத் தள்ளுவார்கள். 2020-லும் போச்சு, இந்த வருஷமும் போச்சு. இரண்டு வருஷமாகப் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் இல்லை. ஆனால் குதிரைக்கு ஊரடங்கு கிடையாது. கொள்ளும் தவிடும் தினமும் வேண்டும். அடுத்த முறை வரும்போது பிள்ளைகள் ஏறும் சவாரிக்கு முன்பணம் என்று சொல்லிக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார். அவர் தீவனக் கடையில் கொஞ்சம் கட்டுவார், தீவனக் கடைக்காரர் எங்களிடம் அரிசிக்குக் கட்டுவார், நாங்கள் வத்தலக்குண்டு மொத்த வியாபாரிக்கு அனுப்புவோம். உங்கள் ஆயிரம் ரூபாய் நாலு வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் மலை இறங்கும்.

பூம்பாறை விவசாயி. பூண்டு வீட்டில் தொங்குகிறது. வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. வீட்டுக்கே வரும் வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

அண்ணே, அவசரப்படாதீர்கள். கேரட், பீன்ஸ் என்றால் நானே கொடுத்துவிடுங்கள் என்பேன், அது நாலு நாளில் வாடும். நம் மலைப்பூண்டு புகை காட்டிக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும் சரக்கு. அந்தக் காரமும் மணமும் வேறு பூண்டில் இல்லை என்றுதானே 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது?

முதலில் விதைப்பூண்டை எடுத்துத் தனியாக வையுங்கள். எவ்வளவு பணமுடை என்றாலும் அதில் கை வைக்க வேண்டாம். மீதியில் இந்த மாதச் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் விற்கப் பாருங்கள். போன வருஷம் நாங்கள் பூம்பாறை, மன்னவனூர் மாதிரியான மேல்மலை ஊர்களிலிருந்து காய்கறி ஏற்றிவரும் ஜீப்பிலேயே பூண்டும் ஏற்றினோம். வாங்குகிற பக்கத்தில் நாயுடுபுரம், ஆனந்தகிரி, அட்டுவம்பட்டி என்று தெருவுக்கு ஒரு பொறுப்பாளர். முந்தின நாள் சாயங்காலமே எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ என்று கணக்கு வந்துவிடும். எண்ணிக்கை தெரிந்தபிறகுதான் ஜீப் கிளம்பும். இங்கிருந்து பூம்பாறை இருபது கிலோமீட்டர் போல, மன்னவனூர் சுமார் 35. ஆர்டர் தெரியாமல் ஒருமுறை போய்வந்தாலே லாபம் டீசலில் போய்விடும். இந்த வருஷமும் அதே ஏற்பாடு ஓடுகிறது, உங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். சமவெளிப் பூண்டு விலையைச் சொல்லி மலைப்பூண்டைப் பேரம் பேசாதீர்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

வீட்டில் சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுகிறவள். இப்போது தபாலில் வெளியூருக்கு அனுப்பலாமா?

ஜூன் வெயிலில் மதுரை போய்ச் சேரும்போது உருகி ஒட்டிப்போயிருக்கும். ஒருமுறை அப்படிப் போனால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார். சாக்லேட்டை உள்ளூர்ப் பிறந்தநாள்களுக்குச் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். பார்சலுக்குத் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித்தூள், மலைப்பூண்டு, யூகலிப்டஸ் தைலம் என்று வெயில் தாங்குவதை வாங்கிக் கட்டி, உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள். சாக்லேட் வாங்கியவர்கள் உங்களை நம்பி அதையும் வாங்குவார்கள். ப்ளம்ஸ் இப்போது மரத்தடியில் விழுந்து கிடக்கிறது. ஜாம் போடத் தெரிந்தால் உடனே போடுங்கள்.

ஏடிஎம் வரை நடக்க முடியவில்லை. கடையில் கொடுக்கக் கையில் பணமில்லை.

தபால்காரரிடம் சொல்லுங்கள் ஐயா. எந்த பேங்க் கணக்காக இருந்தாலும் ஆதார் சேர்த்திருந்தால் போதும், வீட்டு வாசலிலேயே கைரேகை வைத்து 10,000 ரூபாய் வரை எடுத்துக் கொடுப்பார். அதுவரை சாமான் வரும், பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சாமான் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவணுமா?

வேண்டாம். இந்த நோய் முக்கியமாக மூச்சுக்காற்றில் பரவுகிறது. பையன் வரும்போது நீங்களும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலிலேயே வாங்கிக்கொண்டு கை கழுவுங்கள்.

மேல்மலைப் பள்ளி ஆசிரியை. பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். பிள்ளைகளோடு தொடர்பே விட்டுப்போகிறது.

டீச்சர், மழையில் பிள்ளைகளைப் பாறை மேல் ஏற்ற வேண்டாம். டிவி இருக்கிற வீட்டில் கல்வித் தொலைக்காட்சி பார்க்கட்டும். நீங்கள் ஒரு பக்கம் கேள்வி எழுதி நகல் எடுத்துக் கொடுங்கள், காய்கறி ஜீப் மேலே போகும்போது ஊர்க் கடையில் வைத்துவிடுவோம். பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததை மறுநடையில் உங்களிடம் சேர்ப்போம். பெயர் போட்டு இரண்டு வரி கடிதமும் வையுங்கள், பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிக்கும்.

எங்கள் கடைக்காரருக்கு ஊரடங்குக்கு முந்தின பாக்கியே மூவாயிரத்துக்கு மேல். அவர் கேட்கவே இல்லை. நானாகப் பேச்செடுத்தால் சங்கடப்படுவாரா? எனக்கு இப்போது பாதிதான் முடியும்.

கேட்கத் தெரியாமல் இல்லை அம்மா. உங்கள் வீட்டில் வேலை போயிருக்குமோ என்று யோசித்துக் கேட்காமல் இருப்பார். எங்கள் நோட்டிலும் அப்படி நான் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் உண்டு. புதிதாக ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் கடைக்காரருக்கு நிற்பது சொற்பம். பழைய பாக்கியில் ஐந்நூறு வந்தால் ஐந்நூறும் அவர் ஏற்கெனவே போட்ட முதல், அதை வைத்து நாளைக்கே அரிசி மூட்டை இறக்கலாம். பாதியை இப்போது கொடுங்கள், மீதிக்கு எந்த மாதம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ராத்திரி எட்டரைக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்குள் அன்றைய கணக்கு எழுதி முடித்திருப்பார்.