மிதக்கும் சரி, மேலே ஏறுமா?

கேள்வி: என் தங்கை குடும்பம் கனடாவில், வினிபெக்கில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு மீன்பிடிப்பதில் அவ்வளவு ஆசை. நானும் பிடோக் ஜெட்டியில் ராத்திரி முழுக்கத் தூண்டிலோடு உட்காரும் ஆள்தான். போன பிப்ரவரியில் போயிருந்தபோது உறைந்த ஏரிமேல் துளை போட்டு மீன் பிடிக்கக் கூட்டிப்போனார், அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். இப்போது பழைய ஆர்கோ வண்டி ஒன்று, எட்டு சக்கரம், 12,000 கனடா டாலருக்குப் பார்த்து வைத்திருக்கிறார். பாதிப் பணம் நான் போட்டால் வருஷா வருஷம் வந்து ஓட்டலாம், தண்ணீரில் மிதக்கும் வண்டி என்பதால் ஐஸ் உடைந்தாலும் கவலை இல்லை என்கிறார். போடலாமா? — ஈசூன் வாசகர்

பதில்: போடாதீர்கள். மாப்பிள்ளை அதை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ‘ஐஸ் உடைந்தாலும் கவலை இல்லை’ என்ற பேச்சை இரண்டு பேரும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மிதக்கும் என்பது உண்மைதான். ஆர்கோவின் அடிப்பாகம் படகு மாதிரி ஒரே தொட்டி, காற்றுக் குறைவாக அடைத்த பெரிய டயர்களும் மிதக்க உதவும், டயரின் பட்டைகளே துடுப்புபோலத் தண்ணீரைத் தள்ளி வண்டியை நகர்த்தும். நாம் நடக்கிற வேகம்தான் போகும், ஆனால் போகும். சிக்கல் மறுபடி ஐஸ்மேல் ஏறும்போது வருகிறது. மரீனா பேயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் வாத்து வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அது வெளியே வருவதற்குக் கான்கிரீட் சரிவு இருக்கிறது, சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மேலே வந்துவிடும். உடைந்த ஏரியில் யார் சரிவு கட்டி வைத்திருக்கிறார்கள்?

நான் ஒண்டாரியோவில் வேலை பார்த்த நாலு வருஷமும் குளிர்காலத்தில் சிம்கோ ஏரிக்குப் போய்விடுவேன். ஒரு மார்ச் மாதம், நண்பரின் ஆறு சக்கர வண்டியில் திரும்பி வரும்போது, கரையிலிருந்து முப்பது அடி தூரத்தில் ஐஸ் இளகிப்போயிருந்த இடத்தில் முன்பக்கம் மெல்ல இறங்கியது. மிதந்தது, ஒருவர் கால்கூட நனையவில்லை. ஆனால் எதிரே இருந்த விளிம்பில் முன் சக்கரம் ஏறி உட்காரும், வண்டியின் எடை அதன்மேல் விழும், தோசைக்கல் அளவுக்கு ஒரு துண்டு உடைந்து சாயும், நாங்கள் மறுபடி தண்ணீரில் இருப்போம். இப்படியே ஏழெட்டு தடவை. உடையாத கெட்டி விளிம்பு வந்தபோது ஈர டயர் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையில் நின்ற பெரியவர் ஒருவர் நாங்கள் வீசிய வின்ச் கயிற்றை (வண்டியை இழுக்கும் சுருள் கயிறு) எடுத்துப்போய் மரத்தில் கட்டியதால்தான் வெளியே வந்தோம், முக்கால் மணி நேரம் ஆனது. வினிபெக் ஏரி சிங்கப்பூரைப்போல முப்பது மடங்குக்கும் மேல் பெரியது, அதன் நடுவில் மரத்துக்கு எங்கே போவது?

சக்கரங்களைச் சுற்றி மாட்டும் ரப்பர் பெல்ட், அதாவது டிராக், போட்டால் விளிம்பைப் பிடித்து ஏறும் வாய்ப்பு நிறையவே கூடும். அதனால் மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த விலையில் டிராக் சேர்ந்திருக்கிறதா என்பதுதான், தனியாக வாங்கினால் இன்னும் பல ஆயிரம் டாலர் ஆகும்.

சரி, இந்த வண்டியின் உண்மையான பலம் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது, பலர் அதைப் பேசுவதே இல்லை. ஐஸ்மேல் பனி கனமாக விழுந்தால் அதன் பாரத்தில் ஐஸ் அமுங்கி, வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே வந்து, பனிக்கு அடியில் கூழ் மாதிரி நிற்கும். பனியில் ஓடும் ஸ்கூட்டர் மாதிரியான ஸ்னோமொபைல் நின்றுவிட்டால் அதில் புதைந்துகொள்ளும், ஆர்கோ அதில் சாவகாசமாகப் போகும். ஆனால் போய்விட்டு வந்து அப்படியே நிறுத்தினால், மைனஸ் முப்பது குளிரில் அந்தக் கூழ் டிராக்கிலும் அச்சிலும் கல்லாக இறுகி மறுநாள் வண்டி அசையாது. தொட்டிக்குள் புகுந்த தண்ணீரும் அப்படித்தான், வெளியேற்றும் பம்ப்பும் அடியில் இருக்கும் வடிகால் மூடியும் உறைந்துவிட்டால், சக்கரங்களை ஓட்டும் சங்கிலியைச் சுற்றிப் பனிக்கட்டி கட்டிக்கொள்ளும். கரைக்கு வந்த உடனே மூடியைத் திறந்துவிட்டு, பலகைமேல் ஏற்றி நிறுத்த வேண்டும். தினமும் இதைச் செய்கிற பொறுமை மாப்பிள்ளைக்கு இருக்கிறதா என்று தங்கையிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

ஐஸின் கனம் பற்றி: நடப்பதற்குத் தெளிவான புது ஐஸ் 10 செ.மீ. போதும் என்கிறது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், கனடா செஞ்சிலுவைச் சங்கம் 15 செ.மீ. கேட்கிறது, ஸ்னோமொபைலுக்கு 25. நான் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆர்கோ அதைவிடக் கனமானது, ஆளும், ஐஸில் துளை போடும் ஆகரும், கூடாரமும் ஏறினால் இன்னும் கூடும், தண்ணீரில் அது தாங்கும் பாரமோ தரையில் தாங்குவதைவிடக் குறைவு. பால்போல வெள்ளையாக இருக்கும் ஐஸுக்குப் பலம் பாதிதான். ரெட் ஆறு ஏரியில் வந்து சேரும் தென்முனையில் அடியில் நீரோட்டம் இருப்பதால் ஒரு பக்கம் கெட்டியாகவும் பத்தடி தள்ளி மெல்லிசாகவும் இருக்கும். ‘மிதக்கிற வண்டிதானே’ என்ற தைரியம் வந்துவிட்டால் துளை போட்டு அளந்து பார்ப்பதை மனிதன் விட்டுவிடுவான், எனக்கு இருக்கிற பயம் அதுதான்.

இப்போது மாப்பிள்ளை விஷயம். அவர் அங்கேயே இருக்கிறவர், சீசனின் தொடக்கத்திலும் முடிவிலும் போகிறவர், இலையுதிர் காலத்தில் சதுப்பு நிலத்துக்கு வேட்டைக்கும் போவார் என்றால் அவருக்கு இந்த வண்டி பயன்படும், வாங்கட்டும். ஆனால் கோடையிலேயே ஒரு குளத்தில் இறக்கி அரை மணி நேரம் மிதக்கவிட்டு, உள்ளே எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். அடித்தொட்டியில் கீறல், அச்சுகளின் சீல், சங்கிலியின் தொய்வு, இந்த மூன்றும் சரியாக இல்லாத பழைய ஆர்கோ வெறும் எட்டு சக்கரத் தொல்லை.

வருஷத்தில் மூன்று வாரம் போகிற உங்களுக்கு 6,000 டாலர் எதற்கு? வினிபெக் ஏரிக்கரை ஊரான கிம்லி பக்கம், 1940களில் வந்த பழைய பம்பார்டியர் டிராக் வண்டிகளில் வழிகாட்டிகள் ஆட்களை ஏற்றி, கதகதப்பாக உட்கார வைத்து, வெடிப்பு எங்கே என்று தெரிந்து கூட்டிப்போகிறார்கள். அதில் போய் வாருங்கள். மிச்சப் பணத்தில் இரண்டு பேருக்கும் மிதவை உடையும், ஐஸில் குத்திப் பிடித்து ஏற உதவும், கழுத்தில் மாட்டும் ஐஸ் பிக்கும் வாங்குங்கள். தண்ணீரில் விழுந்தால் மூச்சைச் சீராக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்வார், தானே உறைநீரில் இறங்கி ஆராய்ந்தவர் அவர். அந்தப் பத்து நிமிடத்தில் உங்களை மேலே இழுத்துக்கொண்டு வரப்போவது கையிலிருக்கும் அந்த இரண்டு கூர்முனைகள்தான்.

கேள்வி: ஏரியே உறைந்துவிட்டால் மீன் எப்படி உயிரோடு இருக்கும் என்று என் மகன் கேட்கிறான். — தெம்பனீஸ் வாசகி

பதில்: தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும், ஐஸும் மிதக்கும், கீழே இருப்பதற்கு அதுவே போர்வை. மீன் உடம்பு குளிர்ந்து மந்தமாக இருக்கும், குறைவாகச் சாப்பிடும். அதனால்தான் அங்கே தூண்டிலை அடிமட்டத்துக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, மணிக்கட்டை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். உங்கள் மகன் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஐஸ்கட்டி போட்டுப் பார்க்கட்டும், அது எங்கே நிற்கிறது என்று அவனே சொல்வான்.