டொமைன் யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறேன். நான்கு வருடமாகக் கடைப் பெயரில் டாட் காம் வெப்சைட் இருக்கிறது. வெளியூர் ஆர்டரில் பாதி அதில்தான் வருகிறது. அதைச் செய்து கொடுத்த தம்பியே டொமைனையும், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரையும், வாங்கினார். ‘உங்கள் டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது, ஐந்து நாளுக்குள் மறுக்காவிட்டால் மாறிவிடும்’ என்று அவருக்கு மெயில் வந்ததாம். நாங்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. என்ன செய்வது?

பதில்: ஐந்து நாள் கெடு நிஜமான விதிதான். டொமைன் இப்போது பதிவாகியிருக்கும் நிறுவனம் கேட்டு, நீங்கள் ஐந்து நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். மோசடிக்காரர்களும் இதே வாசகத்தைக் காப்பியடித்து அனுப்புகிறார்கள். ஆகவே மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். டொமைன் வாங்கிய நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். கோரிக்கை உண்மை என்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள். வழி தெரியாவிட்டால் உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்கள்.

அப்புறம் பூட்டு. டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்கப் என்ற தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டினால், எங்கே பதிவானது, எப்போது காலாவதி என்பதோடு ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரி வரும். அதில் ‘கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிடட்’ என்று இருந்தால் பூட்டு போட்டிருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்காமல் டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. பூட்டு இருந்தும் இப்படி மெயில் வந்தால் அது பெரும்பாலும் போலிதான். பூட்டு இல்லையென்றால் கோரிக்கையை மறுத்த கையோடு போடச் சொல்லுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இதற்குக் காசு கிடையாது. மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டையும் புதிதாக்கிவிடுங்கள்.

ஆனால் பூட்டின் சாவி மெயில் ஐடியில் இருக்கிறது. மெயிலைப் பிடித்தவன் பாஸ்வேர்டை மாற்றி, பூட்டையும் திறந்துவிடுவான். நிறையப் பேர் டொமைன் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மெயிலையே கொடுத்து வைத்திருக்கிறார்கள். டொமைன் போனால் மெயிலும் சேர்ந்து போகும், அப்புறம் எந்த மெயிலில் நின்று புகார் செய்வது? தனி மெயில் ஐடி வையுங்கள். மெயிலுக்கும் டொமைன் கணக்குக்கும், பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள், குறியீட்டுக்கு எஸ்எம்எஸ்ஸைவிட ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் டொமைனையே 2005 ஜனவரியில், ஒரு வார இறுதியில், யாரோ ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். இணையமே தொழிலாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். டொமைன் யார் பேரில் இருக்கிறது? மேஸ்திரி நல்லவர்தான், அதற்காக வீட்டுப் பத்திரத்தை அவர் பேரிலா எழுதுவோம்? லுக்கப்பில் இப்போதெல்லாம் உரிமையாளர் பெயரைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள், கணக்குக்குள்தான் பார்க்க வேண்டும். ‘ரெஜிஸ்ட்ரன்ட்’ (உரிமையாளர்) என்ற இடத்தில் கடைப் பெயரும் உங்கள் மெயிலும் இருக்க வேண்டும், பில்லும் உங்கள் பேரில் வர வேண்டும். பெயர் மாற்றினால் 60 நாள் வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது என்று சில இடங்களில் சொல்வார்கள். உங்களுக்கு அது நல்லதுதான்.

தம்பியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதே நிறுவனத்தில் உங்கள் பேரில் கணக்கு தொடங்கி, ‘அதற்கு மாற்றிக் கொடுப்பா’ என்று கேளுங்கள். சில நிமிட வேலை.

கேள்வி: புதுச்சேரியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். டொமைனைப் புதுப்பிக்க 8,000 ரூபாய் கட்டச் சொல்லி, கேள்விப்படாத ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். சாதாரண டாட் காம் முகவரிக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகும். பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். புதுப்பிப்பு என்ற பேரில் டொமைனைத் தங்களிடம் மாற்றிக்கொள்ளும் விண்ணப்பமாகவோ, தேடுபொறியில் சேர்க்கும் சேவையாகவோ இருக்கும். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். ஆனால் நிஜமான காலாவதித் தேதியை லுக்கப்பில் பார்த்துவிடுங்கள். திருட்டில் போவதைவிட, பழைய கார்டு காலாவதியாகி ஆட்டோ ரின்யூவல் நின்று போகும் டொமைன்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.