எதை முதலில் போடுவது, சேர்?

கேள்வி: உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது, சேர். பல்கலைக்கழகக் கைநூலை வைத்துக்கொண்டு எந்தப் பாடநெறியை முதலில் போடுவது என்று மூன்று கிழமையாகத் தூக்கமில்லை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தீர்மானம் எடுப்பதை ஆராய்ந்தே நோபல் பரிசு வாங்கியவர் ஒருவர் இருக்கிறார் என்றான் அண்ணன். அவர் யார்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: ஹேர்பேர்ட் சைமன், மகள். 1916இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். 1935இல், மாணவராக இருக்கும்போதே, சொந்த ஊரின் விளையாட்டு மைதானங்களை யார் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கப் போனார். பராமரிப்புக்கு எவ்வளவு, விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு எவ்வளவு என்று இரண்டு திணைக்களங்களுக்குள் இழுபறி. பொருளியல் புத்தகம் சொல்கிற மாதிரி அங்கே ஒருவரும் கணக்குப் போடவில்லை. அப்படியென்றால் மனிதர் உண்மையில் எப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்? அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. 1947இல் 'நிர்வாக நடத்தை' என்ற நூல், 1978இல் பொருளியல் நோபல்.

அவர் சொன்னது இதுதான்: நமக்குத் தெரிந்தது கொஞ்சம், நேரம் கொஞ்சம், மூளை ஒரே தடவையில் தாங்குவதும் கொஞ்சம். அதனால் 'எல்லாவற்றிலும் சிறந்தது' என்று தேடி மாளாது. எது இருந்தால் போதும் என்று முதலில் ஓர் அளவு வைத்துக்கொள்கிறோம். அதை எட்டுவது கிடைத்ததும் தேடலை நிறுத்துகிறோம். சுலபமாகக் கிடைத்தால் அளவு உயரும், கிடைக்காவிட்டால் இறங்கும். வைக்கோல் போரில் இருக்கும் ஊசிகளிலேயே கூர்மையானதைத் தேடுவது ஒன்று, தைக்கப் போதுமான கூருள்ள ஊசியைத் தேடுவது இன்னொன்று என்று அவரும் ஜேம்ஸ் மார்ச்சும் எழுதினார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். படங்கைக் கட்டிக்கொண்டு தேயிலை மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடித்தால் அவர் கண் அலையாது. இரண்டு இலையும் மொட்டும் பிஞ்சாக இருந்தால் விரல் ஒடிக்கும். முற்றியிருந்தால் விட்டுவிட்டு அடுத்த செடி. மலையிலேயே நல்ல கொழுந்து எது என்று தேடியிருந்தால் கூடை நிறைந்திருக்குமா? அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எது பிஞ்சு, எது முற்றல் என்ற அளவு அவர் விரல் நுனியில் இருந்தது.

உங்களுக்கும் அதுதான் வேண்டும். நாளைக்குக் கைநூலை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: மனம் ஒட்டிப் படிக்க முடியுமா, விடுதிச் செலவு வீட்டுக்குத் தாங்குமா, படித்து முடித்தால் வேலைக்கு வழி உண்டா. மூன்றுக்கும் சரி என்று வருகிறவற்றை, மனதுக்குப் பிடித்த வரிசையில் மேலே போடுங்கள். மற்றதை அயலவர் எவ்வளவு புகழ்ந்தாலும் விடுங்கள்.

கேள்வி: அவர் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியும் செய்தாராமே?
– அதே வாசகி

பதில்: ஆமாம், அதுவும் இதே வேலைதான். அலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோரோடு சேர்ந்து 1956 வாக்கில் கணிதத் தேற்றங்களை நிறுவும் ஒரு நிரலை உருவாக்கினார். எல்லா வழியையும் முயன்று பார்க்காமல், பலன் தரக்கூடிய வழியை மட்டும் பிடித்துப் போகும் நிரல் அது. ஒரு பெரிய தர்க்க நூலின் ஓர் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களில் 38ஐ நிறுவியது. 1975இல் அவருக்கும் நியூவெலுக்கும் கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது கிடைத்தது.

விண்ணப்பம் அனுப்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மகள்.