ஆரஞ்சு தொலைத்த 'ந'

ஆரஞ்சு என்ற சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

கேள்வி: நம் நாரத்தையிலிருந்து போன சொல்தானே?

நேராக அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் சொந்தம் உண்டு. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிஷில் நராங்ஹா என்று வழி தெளிவாகப் போகிறது. அந்த சமஸ்கிருதச் சொல்லுக்கே மூலம் ஒரு திராவிட மொழி என்று பல சொற்பிறப்பு அகராதிகள் கருதுகின்றன. மலையாளத்தில் எலுமிச்சைக்கு இன்றும் செறுநாரங்ஙா என்றுதான் பெயர். அரபுக்காரர்கள் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் முதலில் கொண்டுபோனதும் இனிப்புப் பழம் இல்லை, கசப்பு ஆரஞ்சு. நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் எண்ணெய் தெறித்து ஒரு வாசனை வருமே, அதன் பங்காளி.

கேள்வி: ஆங்கிலத்தில் 'எ நாரஞ்ச்' என்பதுதான் 'ஆன் ஆரஞ்ச்' ஆனதா?

இல்லை. பலரும் சொல்லும் கதைதான், ஆனால் ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போதே அந்த 'ந' கிடையாது. அது விழுந்தது இத்தாலியிலும் பிரான்சிலும். இத்தாலிய மொழியில் 'ஒரு' என்பதற்கு 'ஊனா'. 'ஊனா நராஞ்சா' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், எந்த 'ந' எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்றே தெரியாது, அப்படித்தான் அராஞ்சா மிஞ்சியது. பிரெஞ்சில் அப்புறம் முதலெழுத்து 'ஒ' ஆனதற்கு, தங்கத்துக்கு அவர்கள் சொல்லும் 'ஓர்' காரணம் என்பார்கள், பழத்தின் நிறத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ஆங்கிலத்திலேயே இப்படி 'ந' விழுந்த சொல் வேண்டுமென்றால் 'ஏப்ரன்' இருக்கிறது, சமையலின்போது ஆடைக்கு மேல் கட்டும் துணி, அது முன்பு 'நேப்ரன்'.

கேள்வி: கிரேக்கர்கள் ஏன் 'போர்டோகாலி' என்கிறார்கள்?

போர்ச்சுகல்தான் காரணம். இனிப்பு ஆரஞ்சை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரப்பியவர்கள் போர்ச்சுகீசிய வணிகர்கள், அதனால் துருக்கியில் போர்தகால், ருமேனியாவில் போர்தொகாலா. கிரேக்கத்தில் கசப்புப் பழத்துக்கு மட்டும் பழைய பெயர் 'நெராஞ்சி' இன்னும் இருக்கிறது. ஆனால் போர்ச்சுகீசியர்கள் சொல்வது லராஞ்ஜா! டச்சுக்காரர்களுக்கோ அது 'சீன ஆப்பிள்'. ரஷ்யர்களின் அபெல்சினும் அங்கிருந்து போனதே.

கேள்வி: நெதர்லாந்து கால்பந்து அணியின் ஆரஞ்சு நிறம்?

தென் பிரான்சில் ஆரஞ்சு என்று ஓர் ஊர், ரோமானியர் காலத்தில் அரௌசியோ. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. பின்னாளில் டச்சு விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கிய வில்லியம், 1544இல் 11 வயதில் அந்தச் சிற்றரசுக்கு வாரிசானார். அவர் வம்சம்தான் இன்றைய டச்சு (நெதர்லாந்து) அரச குடும்பம், அவர்கள் பெயரிலிருந்து வந்த நிறம்தான் அணியின் சட்டையிலும்.

கேள்வி: நிறம் முதலா, பழம் முதலா?

பழம். ஆங்கிலத்தில் நிறப்பெயராக வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான், பழைய ஆங்கிலத்தில் அதை 'மஞ்சள்சிவப்பு' என்றே சொன்னார்கள்.